குறையக் குறைய நிறையும் படம்



பள்ளி நாட்களில் உருளைக்கிழங்கை இரண்டாக அரிந்து, அதன் முகத்தில் ஒரு பூவையோ நட்சத்திரத்தையோ செதுக்கி, சாயத்தில் தோய்த்துத் தாளில் பதித்து மகிழாதவர் நம்மிடையே மிகச் சிலரே. வெண்டைக்காயைக் குறுக்கே நறுக்கிப் பதித்தால் ஐந்து இதழ்ப் பூவொன்று மலர்வதைக் கண்டு அன்று எவ்வளவு வியந்தோம்! அந்தச் சிறு விளையாட்டு வளர்ந்து ஒரு கலையாக நிற்பதைத்தான் இத்திங்கள் நம் கைவினைப் பக்கத்தில் காணவிருக்கின்றோம். ‘லினோ அச்சு’ என்பது அதன் பெயர். அதிலும், ஒரே பலகையைச் சிறிது சிறிதாகச் செதுக்கிக் குறைத்துக்கொண்டே போய்ப் பல நிறப் படம் எடுக்கும் ‘குறைப்பு முறை’யை எடுத்துக்கொள்வோம்.

முறையை மட்டும் சொல்லி நிறுத்தினால் அது ஏட்டுச் சுரைக்காயாகிவிடும். ஆதலின், கட்டடக் கலை வரலாற்றில் தனியிடம் பெற்ற பழைய ஆலை ஒன்றை மாதிரியாகக் கொண்டு, அதனை நான்கு நிறங்களில் அச்சாக்கும் வகையைப் படிப்படியாகப் பார்ப்போம்.

ஒரு பலகை, பல நிறம்

பல நிறப் படம் அச்சிட வேண்டுமானால், பழைய அச்சகங்களில் நிறத்துக்கு ஒன்றாகத் தனித்தனி பிளாக் செய்வார்கள். மஞ்சளுக்கு ஒன்று, சிவப்புக்கு ஒன்று, கறுப்புக்கு ஒன்று என்று. ஒன்றன்மேல் ஒன்று இம்மியும் பிசகாமல் அமர்ந்தால்தான் படம் தெளிவாக இருக்கும். சற்று விலகினாலும் முகம் ஓரிடம், மூக்கு ஓரிடம் என்றாகிவிடும்.

குறைப்பு முறையில் பலகை ஒன்றே. முதலில், தாளின் வெண்மை எங்கெங்கு தெரிய வேண்டுமோ அந்த இடங்களை மட்டும் செதுக்கி எடுத்துவிட்டு, மிக இளநிறத்தை எல்லாத் தாள்களிலும் அச்சிடுகிறோம். பிறகு அதே பலகையில், அந்த இளநிறம் எங்கெங்கு நிலைக்க வேண்டுமோ அந்த இடங்களைச் செதுக்கி எடுக்கிறோம். அதன்மேல் சற்று அழுத்தமான இரண்டாம் நிறத்தைப் பூசி, முன்பு அச்சிட்ட அதே தாள்களில் மீண்டும் பதிக்கிறோம். இப்படியே போய், கடைசியில் மிக இருண்ட நிறத்துக்குரிய சில கோடுகளும் புள்ளிகளும் மட்டுமே பலகையில் மிஞ்சும். படம் நிறைவு பெறும்போது பலகை ஏறத்தாழ முடிந்து போயிருக்கும்!

இதிலே ஒரு வசதியும் உண்டு. ஓர் ஆபத்தும் உண்டு. ஒரே பலகை ஆதலால் நிறங்கள் ஒன்றோடொன்று பொருந்துவது எளிது. ஆனால் ஒரு முறை செதுக்கியது செதுக்கியதுதான். இரண்டாம் நிறத்துக்குச் செதுக்கிய பின்னர், ‘முதல் நிறத்தில் இன்னும் இரண்டு படிகள் எடுத்திருக்கலாமே’ என்று எண்ணிப் பயனில்லை. இதனாலேயே மேலைநாட்டார் சிலர் இதனைத் ‘தற்கொலை அச்சு’ என்று அழைப்பதுண்டு. பெயர் நன்றாயில்லை. ‘திரும்பா அச்சு’ என்று நாம் சொல்லிக்கொள்ளலாம்.

இம்முறைக்குப் பெரும்புகழ் தேடித் தந்தவர் ஓவியர் பாப்லோ பிக்காசோ. பிரான்சின் தென்பகுதியிலுள்ள வல்லோரிஸ் என்ற ஊரில், இடால்கோ அர்னேரா என்ற அச்சுக்கலைஞரின் துணையோடு லினோ அச்சுகளை எடுத்துவந்தார். 1958ஆம் ஆண்டு பல பலகைகளைக் கொண்டு ஓர் இளம்பெண்ணின் படத்தை அச்சிட்டார். அவற்றைப் பொருத்துவது பெரும் தொல்லையாகவே, அடுத்த ஆண்டு முதல் ஒரே பலகையைக் குறைத்துக்கொண்டு போகும் முறையைக் கையாண்டார். அப்போது அவருக்கு வயது எழுபத்தெட்டை எட்டிக்கொண்டிருந்தது. புதிதாக ஒன்றைக் கற்க வயது தடையில்லை என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டுமா?

தரையிலிருந்து தாளுக்கு

‘லினோ’ என்பது லினோலியத்தின் சுருக்கம். அது கலைக்காகப் பிறந்த பொருளன்று. வீட்டுத் தரையில் விரிக்கப் பிறந்தது. இங்கிலாந்தைச் சேர்ந்த பிரெடரிக் வால்டன் என்பவர், வண்ணப்பூச்சு டப்பாவின் மேல் ஆளி விதை எண்ணெய் காற்றுப்பட்டு ரப்பர் போன்ற ஆடையாக உறைந்திருப்பதைக் கவனித்தார். நாமெல்லாம் அந்த ஆடையைக் குச்சியால் எடுத்தெறிந்துவிட்டு வேலையைப் பார்ப்போம். அவரோ அதைப் பற்றியே சிந்தித்தார். உறைந்த எண்ணெயோடு தக்கைத் தூள் முதலியவற்றைக் கலந்து, சணல் துணியின்மேல் தகடாகத் தேய்த்து, 1863இல் காப்புரிமை பெற்றார். லத்தீன் மொழியில் ‘லினம்’ என்றால் ஆளி, ‘ஓலியம்’ என்றால் எண்ணெய். இரண்டும் சேர்ந்தே லினோலியம் ஆயிற்று.

மரத்தைப் போல் இதற்கு நாரின் ஓட்டம் கிடையாது. எந்தத் திசையிலும் உளி தடையின்றிச் செல்லும். விலையும் குறைவு. ஆகவே இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஓவியர் கைக்கு வந்தது. வியன்னா நகரில் ஃபிரான்ஸ் சிசெக் என்ற ஆசிரியர் சிறுவர்களுக்கே இதனைக் கற்பித்தார். லண்டனில் கிளாட் ஃபிளைட் என்பார் 1920களில் இதனை வண்ண அச்சாக வளர்த்தார்.

ஆளி விதை எண்ணெய் நமக்குப் புதியதன்று. தச்சர்களும் பெயிண்டர்களும் ‘லின்சீட் ஆயில்’ என்பார்களே, அதுதான். கிரிக்கெட் மட்டைக்கு நம் பிள்ளைகள் தடவுவதும் அதுவே. அச்செண்ணத்துக்கு நாம் பயன்படுத்தும் எண்ணெய் மையிலும் பெரும்பாலும் அந்த எண்ணெயே கலந்திருக்கிறது. இதனை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். சற்று நேரத்தில் தேவைப்படும்.

ஆளி நார் நூற்ற ஆலை

ஆளிச் செடியின் விதை எண்ணெய் தருகிறது. தண்டோ நார் தருகிறது. அந்த நாரை நூற்று நெய்வதுதான் இன்று பெருவிலைக்கு விற்கும் லினன் துணி. இங்கிலாந்தின் ஷ்ரூஸ்பரி நகரை அடுத்த டிதரிங்டனில் ஆளி நாரை நூற்பதற்கென்றே 1797இல் ஐந்தடுக்கு ஆலை ஒன்று கட்டி முடிக்கப்பட்டது. அதுவே நாம் அச்சிடப்போகும் கட்டடம். ஆளி எண்ணெயில் பிறந்த பலகையில், ஆளி எண்ணெய் கலந்த மையால், ஆளி நார் நூற்ற ஆலையை அச்சிடுவது எவ்வளவு பொருத்தம், பாருங்கள்!

இந்த ஆலையின் சிறப்பு அதன் வெளித்தோற்றத்தில் இல்லை. சாதாரணச் செங்கல் கட்டடமாகவே அது காட்சி தரும். உள்ளே சென்றால்தான் பெருமை விளங்கும். அக்காலத்து ஆலைகளில் தூணும் உத்தரமும் தளமும் மரத்தாலானவை. காற்றெங்கும் நார்த்தூசு, வெளிச்சத்துக்கோ எரியும் விளக்கு. ஒரு பொறி போதும், ஆலை முழுவதும் சாம்பலாகிவிடும். 1791இல் லண்டன் நகரின் ஆல்பியன் மாவாலை எரிந்து போனது நாடெங்கும் பேசப்பட்டது. டார்பி நகரில் வில்லியம் ஸ்ட்ரட் என்பவர் தூண்களை இரும்பாக மாற்றிப் பார்த்தார். ஆயினும் உத்தரங்கள் மரமாகவே இருந்தன. சார்லஸ் பேஜ் என்பவர் ஷ்ரூஸ்பரியில் அடுத்த படியைத் துணிந்து எடுத்துவைத்தார். தூண், உத்தரம் இரண்டையும் வார்ப்பிரும்பாலேயே செய்து, உத்தரங்களுக்கு இடையே செங்கல் வளைவுகளைக் கட்டித் தளமாக்கினார். உலகில் முழுவதும் இரும்புச் சட்டத்தால் தாங்கப்பட்ட முதல் கட்டடம் இதுவே. பின்னாளில் எழுந்த வானளாவிய கட்டடங்களின் பாட்டனார் என்று இதனைப் போற்றுகின்றனர்.

பெருமையை மட்டும் சொல்லி மற்றதை மறைப்பது முறையாகாது. அந்த இரும்புத் தூண்களுக்கிடையே வேலை செய்தவர்களில் சிறுவர் சிறுமியர் பலர். ஆதரவற்ற ஏழைப் பிள்ளைகளை ஊர் ஊராகத் திரட்டிவந்து தொழில் பழகுவோர் என்ற பெயரில் உழைக்க வைத்தனர். அவர்கள் தங்குவதற்கென 1812ஆம் ஆண்டளவில் எழுப்பிய விடுதி இன்றும் ஆலையருகே நிற்கிறது. தீயிலிருந்து கட்டடத்தைக் காக்க வழி கண்ட அறிவு, அதற்குள் வாடிய பிஞ்சுக் கரங்களைக் காண நெடுநாள் பிடித்தது.

1886இல் நூற்பு நின்றது. 1897இல் பார்லியை முளைகட்டி உலர்த்தும் மால்ட் ஆலையாக அது மாறியது. நூற்போருக்கு வெளிச்சம் வேண்டியிருந்ததால் முன்பு பெரிய பெரிய சாளரங்கள் இருந்தன. முளைகட்டும் தானியத்துக்கு அவ்வளவு வெளிச்சம் ஆகாது. ஆகவே அவற்றைச் செங்கல்லால் அடைத்து, நடுவே சிறு சாளரங்களை மட்டும் விட்டனர். அதே ஆண்டு விக்டோரியா அரசியின் அறுபதாண்டு ஆட்சி விழா நடந்ததால், கட்டடத்தின் ஒரு முனையில் எழுப்பிய தூக்கி கோபுரத்தின் உச்சியில் இரும்பு மகுடம் ஒன்றையும் சூட்டினர். 1987இல் மால்ட் ஆலையும் மூடப்பட்டு, கட்டடம் பாழடைந்தது. 2005இல் பாரம்பரியச் சின்னங்களைக் காக்கும் அரசு சார்ந்த அமைப்பு அதனை வாங்கியது. நீண்ட செப்பனிடும் பணிக்குப் பின் 2022இல் பொதுமக்களுக்குத் திறந்துவிடப்பட்டது. செப்பனிட்டவர்கள் சில சாளரங்களைப் பழைய பெரிய அளவுக்கே திறந்துவிட்டனர். சிலவற்றை மால்ட் காலத்துச் சிறிய வடிவிலேயே விட்டுவைத்தனர். இந்தச் சாளரங்கள்தாம் நம் படத்தின் உயிர்நிலை.

தேவையான பொருட்கள்

படப்பலகைக்கு ஏற்ற லினோ ஒன்று, நோட்டுப் புத்தக அளவில். வி வடிவ உளி ஒன்று, யு வடிவ உளிகள் சிறிதும் பெரிதுமாக இரண்டு. மை பரப்பும் ரப்பர் உருளை. மை தேய்க்க ஒரு கண்ணாடித் தகடு. எண்ணெய் மை: வெள்ளை, மஞ்சள், சிவப்பு, நீலம், கறுப்பு. மெல்லியதும் உறுதியானதுமான வழவழப்பான தாள். அச்சு எந்திரம் வேண்டியதில்லை. உம்மாவின் அடுப்படியிலுள்ள மரக் கரண்டியின் முதுகுப்புறமே போதும். திருப்பித் தரும்போது கழுவித் தருவது நம் பொறுப்பு!

செய்முறை

முதற்கண் ஒரு தாளில் ஆலையை வரைந்து, வண்ணப் பென்சிலால் நான்கு நிறங்களையும் தீட்டிக்கொள்ளுங்கள். இதுவே மூலப்படம். இறுதிவரை இது கண்முன் இருக்கட்டும். பின்னர் டிரேசிங் தாளில் படியெடுத்து, அதனைக் கவிழ்த்துவைத்து லினோவில் இறக்குங்கள். அச்சில் இடம் வலமாக மாறும். கவிழ்க்க மறந்தால் மகுடக் கோபுரம் கட்டடத்தின் மறுமுனைக்குப் போய்விடும்! இறக்கிய கோடுகளை அழியாத மையால் அழுத்திக்கொள்ளுங்கள், துடைக்கும்போது கரையாது.

அடுத்து, எத்தனை படிகள் வேண்டுமென்று இப்போதே முடிவு செய்யுங்கள். நல்ல படிகள் பத்து வேண்டுமானால் பதினான்கு தாள்களோடு தொடங்குவது நலம். ஒவ்வொரு நிறத்திலும் ஒன்றிரண்டு பழுதாகும்.

ஓர் அட்டையில் லினோவைப் பொருத்தி, அதன் இரு பக்கங்களிலும் அதே கனமுள்ள கீற்றுகளை ‘எல்’ வடிவில் ஒட்டுங்கள். லினோ எப்போதும் அந்த மூலையிலேயே அமர வேண்டும். தாளின் மூலை எங்கே படிய வேண்டும் என்பதற்கும் அதேபோல் அடையாளம் செய்யுங்கள். நான்கு முறை பதித்தாலும் தாள் அதே இடத்தில் விழ இதுவே வழி.

செதுக்குமுன் லினோவைச் சற்று நேரம் வெயிலில் வைத்தால் இளகிக் கொடுக்கும். உளி பிடித்த கைக்கு முன்னால் மற்றொரு கை ஒருபோதும் வரலாகாது. இதனைப் பிள்ளைகளுக்கு முதலிலேயே சொல்லிவிடுங்கள். சிறியவர்கள் மை உருட்டட்டும். செதுக்குவதைப் பெரியவர்கள் செய்யட்டும்.

முதல் நிறம்: மேகங்களையும், ஒளிபட்டு மின்னும் சாளரச் சட்டங்களையும் செதுக்கி எடுங்கள். இவை தாளின் வெண்மையாகவே நிற்கும். எஞ்சிய பலகை முழுவதும் வெளிர் மஞ்சள் பூசி எல்லாத் தாள்களிலும் பதியுங்கள். மை மெல்லிய படலமாக இருக்கட்டும். கண்ணாடியில் உருளை ஓடும்போது பட்டுத்துணி உரசுவது போன்ற மெல்லிய ஓசை வந்தால் அளவு சரி. ஒட்டிப் பிசுபிசுத்தால் மை அதிகம்.

இரண்டாம் நிறம்: முதல் நிறம் உலர இரண்டு மூன்று நாட்களாவது காத்திருங்கள். மழைக்காலமாயின் இன்னும் ஆகும். பின்னர் வானம் முழுவதையும், சாளரங்களின் கீழுள்ள கல் விளிம்புகளையும் செதுக்கி எடுங்கள். அவை வெளிர் மஞ்சளாகவே நிலைக்கும். இப்போது செங்கல் நிறம்.

மூன்றாம் நிறம்: வெயில் படும் சுவர்ப்பகுதியைச் செதுக்கி எடுத்துவிட்டு, நிழல் விழும் பக்கத்துக்கும் கூரைக்கும் அடர்ந்த பழுப்பு.

நான்காம் நிறம்: சாளரங்களின் உள்ளிருள், கூரையோர நிழல், மகுடத்தின் இரும்புக் கோடுகள். இவை தவிர மற்றெல்லாவற்றையும் நீக்கிவிட்டு, நீலம் கலந்த கறுப்பு.

உலர்ந்த பின் ஒவ்வொரு படியின் அடியிலும் பென்சிலால் எண் இடுவது மரபு. பத்துப் படிகளில் மூன்றாவது எனில் 3/10 என்று எழுதுவார்கள். பதினொன்றாவது படியை இனி எவராலும் எடுக்க முடியாது, செய்தவராலும்கூட!

ஒரு முக்கிய எச்சரிக்கை: மை துடைத்த துணிகளைச் சுருட்டி மூலையில் எறியாதீர்கள். ஆளி எண்ணெய் காற்றோடு கலந்து உறையும்போது வெப்பம் பிறக்கிறது. சுருண்ட துணிக்குள் அந்த வெப்பம் வெளியேற வழியின்றிப் பெருகித் தானே தீப்பற்றக்கூடும். துணிகளை வெளியில் தனித்தனியாக விரித்து உலர்த்தி, அல்லது நீரில் முக்கிய பின்பே அப்புறப்படுத்துங்கள். தீக்கு அஞ்சி எழுந்த கட்டடத்தை வரையப்போய் நம் வீட்டில் தீ வைத்துக்கொள்ளலாகாது அன்றோ?

எதை விடுவது?

இக்கலையைப் புதிதாகக் கற்பவர்கள் பெரும்பாலும் தடுமாறுவது ஓரிடத்தில்தான். ‘அடுத்து வரும் நிறத்துக்காகச் செதுக்குகிறோம்’ என்று எண்ணிவிடுகிறார்கள். உண்மை அப்படியில்லை. சற்றுமுன் அச்சிட்ட நிறத்தைக் காப்பதற்காகவே செதுக்குகிறோம். ஆகவே உளியைக் கையில் எடுக்கும் ஒவ்வொரு முறையும், ‘இந்த நிறத்தில் எது எஞ்ச வேண்டும்?’ என்று கேட்டுக்கொள்ளுங்கள். விடை தெளிவாகாதவரை உளி பலகையைத் தொட வேண்டாம்.

ஆலையின் சாளரங்களுக்கே திரும்பி வருவோம். பெரிய சாளரத்தின் விளிம்பு ஒன்று. அதனை அடைத்த செங்கல் ஒன்று. நடுவே விட்ட சிறு சாளரம் ஒன்று. அடைத்த செங்கல்லும் சுவரும் ஏறத்தாழ ஒரே நிறம். இரண்டாம் கட்டத்திலும் மூன்றாம் கட்டத்திலும் அவசரப்பட்டு அவ்விடத்தை ஒரே வீச்சில் செதுக்கிவிட்டால், அது வெறும் சுவராகிவிடும். பழைய விளிம்புக் கோட்டை மட்டும் பழுப்புக்காக விட்டுவைத்தால், வெளிச்சம் தேடிய நூற்பாலையும், இருளை விரும்பிய மால்ட் ஆலையும் அந்த ஒரு சாளரத்திலேயே தெரியும். அந்த மயிரிழைக் கோடு போனால், அவ்வொளியில் நின்று நூல் நூற்ற பிள்ளைகளின் சுவடும் படத்திலிருந்து போய்விடும். அந்த ஆலையைச் செப்பனிட்டவர்களும் இதே கேள்வியைத்தான் எதிர்கொண்டார்கள். எல்லாவற்றையும் 1797ஆம் ஆண்டுக்கே திருப்பிவிட்டால் பின்வந்த நூறாண்டு அழிந்துவிடும். எதையுமே தொடாமல் விட்டால் உள்ளே வெளிச்சமே வராது. ஒவ்வொரு சாளரமாகப் பார்த்து முடிவு செய்வதன்றி வேறு வழியில்லை.

உங்கள் ஊரிலும் ஓட்டம் நின்றுபோன ஓர் ஆலையோ, பழைய கிடங்கோ இருக்கக்கூடும். அதை அச்சாக்க விரும்பினால், முதலில் அங்கே சென்று ஒரு மணி நேரம் சும்மா பாருங்கள். எந்தச் சுவர் பிறகு எழுந்தது, எந்த வாசல் அடைபட்டது, எங்கே எண்ணெய்க்கறை படிந்திருக்கிறது என்று குறித்துக்கொள்ளுங்கள். அங்கே உழைத்த முதியவர் யாரேனும் இருந்தால் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். வாப்பாவோ பாட்டனாரோ அங்கே வேலை பார்த்திருந்தால் இன்னும் நல்லது. பிள்ளைகளை அருகில் அமர்த்திக்கொண்டு கேளுங்கள். எதை விடுவது என்பது அப்போது தானே விளங்கும். அதன் பின்னர் உளியை எடுங்கள்.

நான்கு நிறங்களுக்கும் ஏறத்தாழ மூன்று வாரம் ஆகும். அவசரம் வேண்டாம். இன்ஷா அல்லாஹ், அடுத்த இதழில் மற்றொரு கைவினையோடு சந்திப்போம்.